பதினான்கு குச்சிகள்

என் வீட்டுக்காரருக்கு வாய்தான் முதல், மற்றதெல்லாம் அப்புறம். படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறார். தெருவில் எல்லாருக்கும் அவர் சட்டக்காரர். அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சட்டத்துக்காக வந்தவர்கள் இல்லை, பேச்சுக்காக வந்தவர்கள். புதுப்பெண் யாராவது கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினால், "நல்லா யோசிச்சுக்கம்மா, இந்த நாலு குச்சிக்குள்ள மாப்பிள்ளையை அடைச்சுட்டா அப்புறம் வெளிய எடுக்க முடியாது" என்பார். நானும் அப்படி மாட்டியவள்தான். தையல் வகுப்பில் வாங்கிய சான்றிதழுக்குக் கண்ணாடி போடக் கொடுத்திருந்தேன். மூன்று தடவை அலைய விட்டார். முதல் தடவையே சட்டம் தயாராக இருந்தது என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தால் அவருக்குக் கோபம் வரும். "பல்லு எதுக்கு இருக்கு?" என்று முழுசாக வாங்கிக் கடிப்பார். கொட்டாவி விட்டால் கடைசிப் பல் வரை தெரியும். சிரிப்புச் சத்தம் என் தையல் மிஷினைத் தாண்டிக் கேட்கும். கடைக்குப் பின்னால்தான் எங்கள் இரண்டு அறை. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் அவர் மரம் அறுப்பார், இந்தப் பக்கம் நான் துணி வெட்டுவேன்.

நாற்பத்தாறாவது வயதில், நாக்கு முடிகிற இடத்தில் அவருக்குக் கட்டி வந்தது. ஊசி மருந்தும் கொடுத்து, முப்பத்து மூன்று நாள் கரண்ட் வைத்தார்கள். காகிதத்தில் ரேடியேஷன் என்று எழுதுவார்கள், எல்லாரும் சொல்வது கரண்ட்தான். அதற்கென்று ஒரு முகமூடி செய்தார்கள். வெந்நீரில் இளகிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி, அது இறுகியதும் மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். தலை இம்மிகூட அசையாது. வெளியே வந்து, "ஊருக்கெல்லாம் சட்டம் போட்டேன், இப்ப எனக்கே போட்டுட்டாங்க" என்றார். கடைசி நாள் அதைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். இன்றும் பீரோ மேல் இருக்கிறது. என் பாபின்களையும் பொத்தான்களையும் அதில்தான் போட்டு வைக்கிறேன். அவருடைய நாற்பத்தாறு வயசு முகம், வாய் மூடியபடி.

அந்த நாட்களில் தொண்டை வெந்து, இரண்டு மாதம் மூக்கில் குழாய் வழியாகத்தான் சாப்பாடு. குழாயை எடுத்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொரு தடவை மூக்கால சாப்பிட மாட்டேன். அதுக்குப் பட்டினி கிடந்து செத்துடுவேன், பாத்துக்க" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு கட்டுக் குச்சி கொடுத்தார். ஐஸ் குச்சி போன்ற மரக்குச்சி. மருந்துக் கடையில் கிடைக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, முடிந்தால் இன்னொன்றை நடுவில் நுழைக்க வேண்டும். தினமும் மூன்று வேளை. கரண்ட் பட்ட தசை இறுகும், இறுகினால் தாடை மூடிக்கொள்ளும், அதற்காக.

"எத்தனை நாளைக்குச் செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஆயுசுக்கும். விட்டா மூடிக்கும். மூடிட்டா மறுபடியும் குழாய்தான்."

அவருக்குப் பதினான்கு குச்சி நுழைந்தது. பயிற்சி அவர் பொறுப்பு, எண்ணுவது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து எண்ணி, என் அளவு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுவேன். தேதி, பதினான்கு. தேதி, பதினான்கு.

மூன்றாம் வருடம் ஒரு ஞாயிறு பதின்மூன்றுதான் நுழைந்தது. மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் நான் இருந்த இருப்பை எனக்கே நினைக்கப் பிடிக்காது. ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடம் மாற்றித் தைத்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைப்பு. தகரக் கதவு, அந்தப் பக்கம் அவர். கேட்காமல் என்ன? முடிவில் ஒன்றும் இல்லை, தசை இறுக்கம்தான், பயிற்சியை விடாதீர்கள் என்றார்கள். மறுபடி பதினான்குக்கு வந்தது.

ஐந்து வருடம் முடிந்ததும் டாக்டர் கை கொடுத்தார். "இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்றார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நாங்களே அர்த்தம் பண்ணிக்கொண்டோம். ஆறாம் வருடம் போனோம். ஏழாம் வருடம் கடையில் வேலை அதிகம் என்றார். நானும் வற்புறுத்தவில்லை. அந்த வாசலை மறுபடி மிதிக்காமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தது. வலது காதில் விசில் அடிக்கிறது என்றார். அறுப்பு மிஷின் சத்தம் என்று முடிவு கட்டினோம். பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு திரும்பினார். குனிந்து குனிந்து ஆணி அடிக்கிற தொழில், கழுத்துப் பிடிக்காதா? தண்ணீர் குடித்தால் இருமல். அவசரமாகக் குடிக்கிறார். இருபது நிமிடச் சாப்பாடு ஒரு மணி நேரம் ஆனது. வயசாகிறது. வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், மத்தியானம் தூங்கினார், ஒரு சட்டம் முடிக்க மூன்று நாள் எடுத்தார். இதற்கு மட்டும் நான் சாக்குக்கூடத் தேடவில்லை. சோம்பேறி என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். காரணம் கண்டுபிடிப்பதில் எங்கள் இருவரையும் அடிக்க ஆளில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே குச்சி இருந்தது. ஞாயிறு தவறாமல் பதினான்கு. அது பதினான்காக இருக்கும்வரை எதுவும் ஆகவில்லை என்று அர்த்தம்.

குச்சிகளை வெந்நீரில் கழுவிக் காய வைப்பது என் வேலையாக இருந்தது. ஒரு நாள், "நீ எவ்வளவுதான் பண்ணுவே, கொடு, நானே கழுவறேன்" என்றார். வீட்டில் ஒரு டம்ளரை நகர்த்தி வைக்காத மனுஷன். மாதத்துக்கு ஒரு கட்டு வாங்குவதும் அவரே என்றானது. அடுத்த ஞாயிறு எண்ணும்போது என் கட்டைவிரலில் பட்டது. ஓரம் வழவழவென்று இருந்தது. கடைக் குச்சியில் அந்த வழவழப்பு இருக்காது.

சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியும். முப்பது வருடமாகத் துணியைக் கட்டைவிரலில் உருட்டிப் பார்த்தே, எத்தனை துவைப்புக் கண்டது என்று சொல்கிறவள் நான். குச்சியை உப்புத்தாளில் இழைத்திருக்கிறார் என்பது தெரியாமல் போகுமா? மாதாமாதம் குச்சி மெலிந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவர் மறைத்தார், மறைக்கச் சோறு போட்டவள் நான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. இடுப்பு பெருத்துப்போய் வருகிறவர்கள், "பழைய அளவுதானே?" என்று ஆசையாகக் கேட்பார்கள். "அதேதான்" என்று வாயால் சொல்லிவிட்டு, நோட்டில் உண்மையான அளவை எழுதிக்கொள்வோம். வாயில் பொய் சொல்லலாம், நோட்டில் சொல்லக் கூடாது. நோட்டில் சொன்னால் துணி பாழ். முப்பது வருடத்தில் அந்த நோட்டில் நான் எழுதிய ஒரே பொய் என் வீட்டுக்காரருடைய வாய்.

கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்குகிறது. ஒரே ஒரு தடவை அதை அவர் பல்லுக்கு நடுவில் பிடித்திருந்தால் போதும். பிடிக்கவில்லை. பிடித்தால் ஒரு எண் வரும். எண் வந்தால் ஆஸ்பத்திரி, ஸ்கேன், பத்து நாள். ஒரு நாள் மட்டும் தைரியம் வந்து, மருந்துக் கடைக்குப் போய் ஒரு புதுக் கட்டு வாங்கினேன். வரும் வழியிலேயே தைரியம் போய்விட்டது. பிரிக்காமல் மிஷின் டிராயரில் ஜிப்புகளுக்கு அடியில் போட்டேன். ஒவ்வொரு நாளும் அந்த டிராயரைத் திறந்து மூடினேன்.

நாத்தனார் மகள் கல்யாண வரவேற்பில்தான் மற்றவர்கள் கண்ணில் பட்டது. பந்தி நேரம் முழுக்க அவர் போட்டோக்காரரோடு நின்றுகொண்டு, எந்தப் படத்துக்கு என்ன சட்டம் என்று ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தார். நாத்தனார் என்னிடம் வந்தாள்.

"ஏன் அண்ணி, அண்ணனுக்கு என் மேல ஏதாவது கோபமா? ஒரு வாய்கூடச் சாப்பிடலையே."

"வயிறு சரியில்லம்மா."

"என் பொண்ணு கல்யாணத்துல ஒரு வாய் கேக்காவது சாப்பிடணும், நானே ஊட்டறேன்" என்று பெரிய துண்டாக எடுத்துக்கொண்டு போனாள். அவர் பின்னால் நகர்ந்தார், பின்னால் சுவர். எல்லாரும் பார்க்கிறார்கள், கேமரா தயாராக இருக்கிறது. கேக் உதட்டில் அழுந்தி, பாதி மீசையில் ஒட்டி, பாதி சட்டையில் விழுந்தது. வாயைத் திறக்காமலே சிரித்தார். நாத்தனார் முகம் சுருங்கிப்போனது. அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டுத் தரச் சொல்லி அவரிடமே அனுப்பினாள். இன்னும் போடவில்லை.

எட்டாம் வருடம் பல் வலி வந்தது. வலது பக்கம், கீழ்ப் பல். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி சத்தமில்லாமல் அனுபவித்தார். கன்னம் வீங்கிய பிறகு என்ன மறைக்க? "பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம். தெருக்கோடியில பல் டாக்டர் இருக்காங்களே, பிடுங்கிப் போட்டுட்டா முடிஞ்சுது" என்றார்.

பல் டாக்டர் சின்ன வயசுப் பெண். முதலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். முன்பு வந்த நோய்கள் என்ற இடத்தில் அவர் ஒரு கோடு போட்டார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் சாய்ந்து, வெளிச்சம் முகத்தில் விழுந்ததும் கைப்பிடியை இறுகப் பிடித்தார். அந்த முகமூடி நினைவு வந்திருக்கும்.

"நல்லாத் திறங்க."

"திறந்துதான் இருக்கேன்."

"இன்னும் கொஞ்சம்."

"இவ்வளவுதாம்மா வரும்."

டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். நுழைந்தது, திரும்ப முடியவில்லை. வெளியே எடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கன்னத்தை விரலால் தடவினார். வலது தாடைக்குக் கீழே எட்டு வருடமாக முடி முளைப்பதில்லை. பாதி பிளேடு மிச்சம் என்று இவர் சொல்லிச் சிரிக்கிற இடம் அது.

"இந்தப் பக்கம் மட்டும் முடி இல்லையே. எப்பவாவது கரண்ட் வச்சிருக்காங்களா?"

இவர் இல்லை என்று தலையாட்டினார். தலை தனியாக ஆடாதே, தோளும் சேர்ந்து ஆடியது. டாக்டர் என்னைப் பார்த்தார். ஊசியில் மருந்து ஏற்றித் தட்டில் தயாராக இருந்தது. பக்கத்தில் இடுக்கி. "இல்ல" என்று நானும் சொல்லியிருப்பேன், அவ்வளவு பழகிவிட்டது. இடுக்கியைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை.

"வச்சிருக்கு டாக்டர். முப்பத்து மூணு தடவை. எட்டு வருஷம் ஆச்சு."

டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நல்லவேளை வாய் திறக்கல. திறந்திருந்தா பிடுங்கியிருப்பேன்" என்றார். கரண்ட் பட்ட தாடை எலும்பில் ரத்த ஓட்டம் குறைவாம். பல் பிடுங்கிய குழி ஆறாமல் போகலாம், எலும்பே செத்து உதிரலாம், அது எத்தனை வருடம் ஆனாலும் மாறாது என்று விளக்கினார். பிறகு ஒரு காகித அளவுகோலை எடுத்து அவர் முன்பல்லுக்கு நடுவில் பிடித்தார்.

"பதினெட்டு மில்லிமீட்டர்."

"இருபத்தெட்டு இருக்கும் டாக்டர்" என்றேன். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள். "வாராவாரம் எண்ணறேன். பதினாலு குச்சி போகுது."

"இதுக்குள்ள பதினாலு குச்சி எப்படிம்மா போகும்?"

மாடிப்படி இறங்கும்போது நடுப்படியில் நின்றுவிட்டார். "இழைச்சேன்" என்றார். "அந்தத் தடவை ஒரு குச்சி குறைஞ்சதுக்கே நீ பாதி உசிரா ஆயிட்டே. தண்ணியைத் திறந்துவிட்டு அழுதே. மறுபடி குறைஞ்சப்ப எனக்குச் சொல்ல வாய் வரல. ஒண்ணைத்தான் இழைச்சேன் முதல்ல. அப்புறம் நிறுத்த முடியல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினேன். "எனக்குத் தெரியும்" என்ற இரண்டு சொல் நாக்கு நுனி வரை வந்தது. என் வாயும் திறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அதே டாக்டர். முடி நரைத்திருந்தது. மூக்கு வழியாகக் கேமராவை விட்டுப் பார்த்தார், ஸ்கேன் எழுதினார், ரத்தம் எடுத்தார்கள். பத்து நாள் காத்திருந்தோம். குழாயைத் திறந்துவிடாமல் அடுக்களையில் நின்றே அழுதேன்.

"கட்டி இல்ல" என்றார் டாக்டர். நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். அவர் மேலே சொல்லிக்கொண்டே போனார். கட்டி இல்லை, ஆனால் கரண்ட் நின்று எட்டு வருடம் ஆனாலும் அது ஆரம்பித்து வைத்த வேலை நிற்கவில்லை. கழுத்துத் தசையும் தாடைத் தசையும் இறுகிக்கொண்டே வருகின்றன. விழுங்குகிற தசையும் அப்படியே; தண்ணீர் மூச்சுக்குழாய் பக்கம் வழிகிறது, அதனால்தான் இருமல். காது கேட்பது குறைந்திருக்கிறது. தைராய்டும் வேலை செய்யவில்லை. குளிர், தூக்கம், மந்தம் எல்லாம் அதனால்தான், மாத்திரை போட்டால் சரியாகிவிடும். சோம்பேறி என்று நான் திட்டிய திட்டெல்லாம் என் முகத்திலேயே வந்து விழுந்தது. பல்லைப் பிடுங்காமல் வேரைச் சுத்தம் செய்து காப்பாற்றப் பார்க்கலாம், அந்தச் சின்ன இடைவெளி வழியாகவே.

"வாய் மறுபடி திறக்குமா டாக்டர்?" என்று அவர் கேட்டார்.

"ஒண்ணு ரெண்டு மில்லி வரலாம். பெருசா எதிர்பார்க்காதீங்க. இருக்கிறதை விடாம பிடிச்சுக்கணும், அதுதான் இப்ப வேலை. குழாய் இப்ப வேண்டாம். இன்னும் குறைஞ்சா அப்புறம் பேசலாம்." பிறகு என் மடியில் இருந்த நோட்டைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். பதினான்கு, பதினான்கு, பதினான்கு. "எப்ப குறைய ஆரம்பிச்சதுன்னு தெரிஞ்சா நல்லா இருக்கும். அப்பவே வந்திருந்தா அங்கேயே நிறுத்தப் பாத்திருக்கலாம்."

"நோட்டு தப்பில்ல டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். "குச்சியை நான்தான் இழைச்சு ஏமாத்தினேன். இவ பாவம், இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுஷன் என் பங்குப் பழியையும் சேர்த்துத் தூக்கிக்கொள்கிறார், நான் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஜன்னல் ஓரம் அவர் போய் உட்கார்ந்தார். "புதுக் குச்சி வாங்கிட்டு வரட்டுமா?" என்று எழுந்தார். "இருங்க" என்றேன். டிராயரைத் திறந்து, ஜிப்புகளுக்கு அடியிலிருந்து அந்தக் கட்டை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மேலே மருந்துக் கடை பில் ஒட்டியபடியே இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தேதியைப் படித்தார். மறுபடி படித்தார்.

"போன வருஷம் வாங்கியிருக்கே."

"ஆமா."

"பிரிக்கவே இல்ல."

"இல்ல."

கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "அப்புறம் எதுக்கு வாராவாரம் பதினாலுன்னு எழுதினே?" என்றார்.

"நீங்க எதுக்கு இழைச்சீங்க?"

அவரே கட்டைப் பிரித்தார். குச்சி சொரசொரப்பாக, தடிமனாக இருந்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணி அடுக்கினேன். ஒன்பதாவது நுழையும்போது அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. பத்தாவதைத் தள்ளச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். வைத்து அழுத்திப் பார்த்தேன். போகவில்லை. எடுத்துவிட்டேன்.

நோட்டைத் திறந்து தேதி போட்டேன். பென்சில் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு, ஒன்பது என்று எழுதினேன்.

குச்சிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவர் எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் பெருசா எழுது" என்றார். "டாக்டருக்குத் தெரியணும்ல."